குடிங்க, குடிக்காதீங்க

என் அண்ணிக்கு வாய்தான் பிழைப்பு. பெரிய கடை ஒன்றில், தட்டு நிறையக் காகிதக் கப்புகளை அடுக்கிக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் மடக்கி, "குடிச்சுப் பாருங்க, காசு வேணாம்" என்பாள். குடித்தவர் பாட்டில் வாங்காமல் போனால் அவளுக்குச் சோறு இறங்காது.

அவள் விற்கும் ஜூஸின் பெயர் பேஷன் ப்ரூட். நம் எழுத்தில் அதை எழுதினால் என்ன ஆகும்? "இதக் குடிச்சா ஸ்டைலா ஆயிடலாமா?" என்று தினம் பத்துப் பேராவது கேட்பார்கள். அண்ணி அசரமாட்டாள்.

"அந்த பேஷன் வேற, இந்த பேஷன் வேறங்க. இது தென் அமெரிக்கக் காட்டுல தானா படர்ற கொடி. அங்க போன பாதிரியாருங்க பூவைப் பாத்துட்டு, இயேசுவோட முள்முடி மாதிரியே இருக்குன்னு அவர் பட்ட பாடுகளுக்கு இங்கிலீஷ்ல சொல்ற 'பேஷன்'ங்கிற பேரையே வெச்சுட்டாங்க."

கேட்டவர் வாயை மூடுவதற்குள் சத்துக் கணக்கு வந்துவிடும். வைட்டமின் சி இருக்கு, ஏ இருக்கு, பொட்டாசியம் தாராளமா இருக்கு, ரத்தக் கொதிப்புக்கு நல்லது. வேண்டாம் என்று வந்தவர்கூட இரண்டு பாட்டிலோடு போவார்.

வீட்டில் எல்லாம் தலைகீழ். என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தண்ணீரைக்கூட மருத்துவர் அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருந்தார். அண்ணி பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாள். பகலெல்லாம் ஊராரிடம் "குடிங்க, குடிங்க." சாயங்காலம் வந்தால் அண்ணனிடம் "குடிக்காதீங்க, குடிக்காதீங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஊருக்கெல்லாம் ஊத்துறீங்க. கட்டுன புருஷனுக்கு ஒரு வாய் கிடையாதா அண்ணி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. இவரு உடம்புல சேந்தா வெளிய போகாது. ரொம்ப ஏறிச்சுன்னா இதயம் நின்னுடும்."

"காலையில நல்லதா இருந்த பொட்டாசியம் சாயந்தரம் கெட்டதாயிடுச்சாக்கும்!"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணி பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அந்த வாரம் ரத்தப் பரிசோதனையில் அண்ணனுக்குப் பொட்டாசியம் அபாய எல்லையைத் தொட்டிருந்தது. முடிவை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, "அவ கடைக்குப் போயிட்டுப் போலாமா?" என்றான். நாக்கு வறண்டு பேச்சே குழறியது. பாவமாக இருந்தது, கூட்டிப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அண்ணியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். பக்கத்தில் சூப்பர்வைசர். அவளை நிரந்தரமாக்கலாமா என்று அந்த வாரம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம். அண்ணன் முன்பின் தெரியாதவன் போலக் கூட்டத்தில் நுழைந்து கையை நீட்டினான்.

அண்ணி தட்டைப் பின்னால் இழுத்தாள். "உங்களுக்குக் கிடையாது."

"என்னம்மா இது, கஸ்டமர்கிட்ட இப்படியா பேசுவ?" என்றார் சூப்பர்வைசர்.

அதற்குள் அண்ணன் ஒரு கப்பை எடுத்துவிட்டான். "ஒரே ஒரு வாய்."

"கீழ வைங்க."

"எல்லாருக்கும் குடுக்கிற. நான் மட்டும் என்னடி பாவம் பண்ணேன்?"

அண்ணி கத்தினாள். "இவங்க குடிச்சா என்ன, குடிக்காட்டி எனக்கென்ன? இவங்க யாரும் எனக்கு வேணாம். எனக்கு நீங்க வேணும்!"

கப்பும் கையுமாக நின்ற பத்துப் பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் கப்பைச் சிந்தாமல் தட்டில் வைத்தான்.

அண்ணியை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் மட்டும் என் காதோரம் குனிந்து, "கல்யாணமாகிப் பதினேழு வருஷம், இன்னிக்குத்தான் வாயத் தொறந்து சொல்லியிருக்கா" என்றான்.