மச்சுக்கு ஏறிய ஆற்று மணல்

அந்த மெட்டு என்னுடையது. இப்போது இதை யாரும் மறுப்பதில்லை. ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்கு முன்னால் திருநெல்வேலியில் இதைச் சொன்னால் சிரித்தார்கள். கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கும் ஒரு பேண்டு செட்டுக்கு நான் தலைவன். கிளாரினெட் என் கையில் இருக்கும். வெள்ளைக்காரன் வாத்தியத்தில் வாசித்தால் மெட்டும் வெள்ளைக்காரனுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஊர் கட்டிவைத்த முடிவு.

அதை எல்லோரையும்விட அழுத்தமாகச் சொன்னவர் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. எங்களை அடிக்கடி வாசிக்கக் கூப்பிட்டவரும் அவர்தான். அதனால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை. "நல்லாத்தான் இருக்கு வே. எந்தப் பட்டாளத்துல கேட்டுட்டு வந்தீரு?" என்று கேட்பார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பேன்.

மெட்டு பிறந்தது பட்டாளத்தில் இல்லை, தாமிரபரணிக்குள். சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணம் முடிந்து காலையில் திரும்பும்போது, ரோட்டை விட்டு ஆற்றுக்குள் இறங்கி நடந்தோம். கோடைக்காலம். தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது, மற்றதெல்லாம் மணல். மணலில் கால் புதையும். பிடுங்கி அடுத்த அடி வைக்கக் கொஞ்சம் தாமதமாகும். எங்கள் பெரிய டிரம்காரன் அந்தத் தாமதத்தோடேயே சும்மா தட்டிக்கொண்டு வந்தான். அதன்மேல் நான் வாசித்துப் பார்த்தேன். கரையேறும்போது மெட்டு முழுசாக இருந்தது.

பிறகு மதராஸிலிருந்து ஒரு கிராமபோன் கம்பெனியின் ஏஜெண்டும், பிளேட்டில் பாட்டுப் பிடிக்கிற துரை ஒருவரும் வந்தார்கள். வண்ணார்பேட்டையில் ஆற்றை ஒட்டி ஒரு வீடு பிடித்து, தெருச் சத்தம் எட்டாமலிருக்க மெஷினை மாடி மச்சில் வைத்திருந்தார்கள். ஒரு ஊர்வலத்தில் எங்கள் மெட்டைக் கேட்ட ஏஜெண்டு, வந்து வாசிக்கச் சொன்னார். பிளேட்டாக வந்துவிட்டால் யார் மெட்டு என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்று நினைத்தேன். என் ஆட்கள் சிவப்புக் கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். பிளேட்டில் கோட்டு தெரியாது என்று நான் சொல்லவில்லை. கோட்டைப் போட்டால்தான் அவர்களுக்கு மூச்சு நன்றாக வரும்.

மச்சு அறையின் மரத்தடுப்பிலிருந்து ஒரு தகரப் புனல் எங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் வாசித்தால், தடுப்புக்கு அந்தப் பக்கம் ஊசி மெழுகுத் தட்டில் கீறும். பெரிய டிரம் அடித்தால் ஊசி துள்ளும் என்று துரை முதல் வேலையாக அதை டிரம்காரனோடு கீழே அனுப்பிவிட்டார். மற்றவர்களை அசையாமல் நிற்கச் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. என் ஆட்கள் ஆயுசில் நின்று வாசித்ததே இல்லை. கால் நின்றதும் மெட்டு விறைத்துப்போய்விட்டது. அந்த மணல் தாமதம் எங்கேயோ போக, டக் டக்கென்று பட்டாளத்து மார்ச்சாகவே கேட்டது. இது பிளேட்டில் ஏறினால் அண்ணாச்சி சொன்னதற்கு நானே சாட்சி எழுதிக் கொடுத்த கதையாகும். நின்ற இடத்திலேயே நடங்கடா என்றேன். மச்சுப் பலகை குலுங்கியது. துரை தடுப்புக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து, ஊசி துள்ளுகிறதென்று கையை ஆட்டினார்.

ஏஜெண்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "நாளைக்கு நாங்க ரயிலேறணும். மெட்டை மட்டும் சொல்லிக் குடுங்க. மதராஸ்ல நம்ம ஆளுங்க உட்கார்ந்தபடியே அழகா வாசிச்சுடுவாங்க."

"மெட்டு என் வாயில இல்ல ஐயா, இவங்க கால்ல இருக்கு" என்றேன். அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தேன்.

"ஏலே, கூடை கிடந்தா எடுங்கலே!"

டிரம்காரன் கீழேயிருந்து கத்தினான். "எதுக்குண்ணே?"

"ஆத்த இங்கன கொண்டு வரப் போறோம்!"

சிவப்புக் கோட்டுக்காரர்கள் தலையில் மணல் கூடையோடு மச்சுப்படி ஏறியதை வண்ணார்பேட்டையே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. ஏஜெண்டுக்கு முழி பிதுங்கியது. துரையும் முதலில் கத்தத்தான் செய்தார். கால் புதையும் அளவுக்கு மணலைப் பரப்பியதும் அவரே ஏறி ஒரு குதி குதித்தார், உள்ளே ஓடி மெழுகைப் பார்த்தார், ஊசி துள்ளியிருக்கவில்லை, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். எல்லோரையும் பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். டிரம் இல்லாத டிரம்காரனைப் புனலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நின்ற இடத்திலேயே நடக்கவிட்டேன். மற்றவர்கள் அவன் காலைப் பார்த்துக்கொண்டு மணலை மிதித்தார்கள். என் மெட்டு திரும்பி வந்துவிட்டது! ஒரே மூச்சில் வாசித்து முடித்தோம்.

மெழுகுத் தட்டு சீமைக்குப் போய், பிளேட்டாகித் திரும்பி வர மாதக்கணக்காயிற்று. டவுனில் முதலில் வாங்கியவர் ஜவுளிக்கடை அண்ணாச்சி. கடை நிறைய ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, எனக்கும் ஆள் அனுப்பினார். பாட்டுக்கு அடியில் சரக், சரக் என்று ஏதோ சத்தம் வருகிறது, மெழுகில் கோளாறோ என்னவோ என்று ஏஜெண்டு அவரிடம் வருத்தப்பட்டிருந்தாராம்.

அண்ணாச்சி பிளேட்டைப் போட்டு, குனிந்து காதைக் கிராமபோன் குழாயருகே வைத்தார். பாட்டு முடிந்ததும் மறுபடி போட்டார். பாதியில் நிமிர்ந்தார்.

"கோளாறா? ஏலே, இது ஆத்து மணல்ல நடக்குத சத்தம்லா! எந்தப் பட்டாளத்துக்காரன்லே வெறுங்காலோட மணல்ல நடந்தான்?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"யாரு மெட்டு வே இது?"

"என் மெட்டு, அண்ணாச்சி."

"அதான் கேக்குதே. பொட்டிக்குச் சாவி குடும், இன்னொருக்க கேப்போம்."