பிந்திய அஸர் பாங்கு

“…அப்பிடி எழுதிராதீங்க ஐயா. புள்ள பொய் சொல்லல்ல. ஒரு சொல்லும் கூட்டிக் கதைக்கல்ல. அண்டைக்கு நான் பாங்கு பிந்தித்தான் சொன்னன். வேணுமெண்டுதான் பிந்தினன்.”

வாய்க்கால் கட்டின்மேல், மருதமரத்தடியில் போட்டிருந்த மேசைக்கு முன்னால் நின்று மாமா இதைச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. எங்கள் பகுதிக்கு அரசாங்க அதிகாரியான டி.ஆர்.ஓ. ஐயாவின் பேனை தாளைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. சுற்றி நின்ற இருபது முப்பது வயற்காரர்களும் மாமாவையே பார்த்தார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூட மேடையில் நான் பேசிய பேச்சுக்கு, கடைசியில் மாமாவே சாட்சி சொல்ல வந்துவிட்டார் என்ற பெருமை எனக்கு.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. எங்கள் வட்டைக்கு விதானை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு வட்டை. அந்தத் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுகிறவர்தான் வட்டைவிதானை. ராசா, மந்திரி, கவர்னர் எல்லாம் எங்களுக்குத் தூரத்துச் சங்கதி. வைகாசி, ஆனி வெயிலில் வயல் வெடிக்கிற காலத்தில் ஆட்சி என்று நாங்கள் கண்ணால் கண்டது விதானையாரை மட்டும்தான்.

அவரைத் தெரிவு செய்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. டி.ஆர்.ஓ. ஐயா இதே மருதமரத்தடியில் வந்து உட்காருவார். விதானை வேலை கேட்கிற இருவரும் பத்தடி இடைவிட்டு நிற்பார்கள். யாருக்கு யார் வேண்டுமோ அவருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒளித்துச் செய்ய முடியாத தெரிவு அது. மச்சானும் மச்சானும் முகத்தைப் பார்க்காமல் கடந்து போவார்கள். அன்றைக்கு எல்லாரும் தயங்கித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, முதல் ஆளாக விறுவிறென்று நடந்துபோய் மாமாவுக்குப் பின்னால் நின்றவர் கடைக்கண்டத்துக் காக்கா. அண்ணன் முறையானவரை எங்களில் காக்கா என்போம். வாய்க்கால் முடிகிற கடைசிக் கண்டத்தில், கடைசி வயல்துண்டில், ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த மனிதர். ஏழு பிள்ளைகள். “தண்ணி கடைசியா வாறது எனக்குத்தான். அதால ஆர் நேர்மையான ஆளெண்டு எனக்குத்தான் முதல்ல தெரியோணும்” என்று சொல்லிச் சிரித்தார். அவருக்குப் பின்னால் சனம் வால்பிடித்துப் போனது. வென்ற மாமாவுக்கு வட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு கறுப்புக் குடை வாங்கிக் கொடுத்தார்கள். பிரம்புக் கைபிடியும் இரும்பு நுனியும் உள்ள குடை.

அந்தக் குடைதான் எங்கள் வட்டையின் மணிக்கூடு. கையில் மணிக்கூடு கட்டியவர் அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. ஆகையால் முறைத் தண்ணீரைத் தொழுகை நேரத்தால் பிரித்திருந்தார்கள். விடியற்காலைச் சுபஹிலிருந்து நடுப்பகல் லுஹர் வரை ஒரு கண்டம், லுஹரிலிருந்து பின்னேர அஸர் வரை அடுத்தது, அஸரிலிருந்து பொழுதுபடும் மஃரிப் வரை அதற்கடுத்தது. மாமா குடையைச் சுருக்கி வாய்க்கால் கட்டின்மேல் குத்திவைப்பார். உச்சியில் இருந்த நிழலைக் கழித்துவிட்டு, குடையின் உயரத்துக்கு நிழல் நீண்டதென்றால் அஸர். எழும்பி நின்று, இரண்டு காதிலும் கையை வைத்து, தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொல்வார். ஊர்ப் பள்ளிவாசல் மூன்று மைல் தூரம். வயலுக்குப் பாங்கு சொல்கிற மோதினாரும் மாமாதான். அந்தச் சத்தம் கேட்டவுடன் ஒருவர் தன் வக்கடையை அடைப்பார், அடுத்தவர் வெட்டுவார். வக்கடை என்றால் வயலுக்குத் தண்ணீர் விட வரம்பில் வெட்டுகிற வாய். பக்கத்து ஊர்களான பாண்டிருப்பு, காரைதீவுத் தமிழ் ஆட்களுக்கும் எங்கள் வட்டையில் காணி இருந்தது. அவர்களும் மாமாவின் பாங்குக்குத்தான் மண்வெட்டியைத் தூக்கினார்கள். பாங்குக்கு முன்னால் ஒருவரும் தூக்கியதில்லை, ஒருவரும் சண்டை பிடித்ததும் இல்லை.

அந்த வருடம் சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது. ஒரு முறை தவறினால் அடுத்த முறைக்குப் பத்து நாள். பயிர் குடலைப் பருவம், அதாவது கதிர் வயிற்றுக்குள் இருக்கிற நேரம். பள்ளிக்கூடம் விடுமுறையாதலால், உம்மா கட்டிக் கொடுத்த சோற்றோடு நான் மாமாவுடன் வயலுக்குப் போயிருந்தேன். லுஹருக்குப் பிறகு பாண்டிருப்பு அக்காவின் முறை. புருஷன் முந்திய வருடம் காய்ச்சலில் போய்விட, பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக வயல் செய்த பெண். அவளுடைய கெட்ட காலம், முதல் நாள் எருமைகள் இறங்கி வரம்பை உழக்கிவிட்டுப் போயிருந்தன. வக்கடையால் வந்த தண்ணீரில் பாதி, உடைந்த வரம்பால் ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி அடைத்தாள். ஓரிடம் அடைக்க மற்ற இடம் வாய் திறக்கும். மாமாவும் இறங்கி ஒரு கை கொடுத்தார். வரம்பு ஒருவழியாக நின்றபோது நிழல் நீண்டுவிட்டது. அவளுடைய மேட்டு மூலையை இன்னும் தண்ணீர் எட்டவில்லை.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாமா மறுத்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சேற்றுக் கையோடு அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

“மாமா, நிழல் தாண்டிட்டு” என்றேன் நான்.

“ஓம் மகள்.”

“பாங்கு சொல்லல்லயா?”

மாமா குடையைப் பார்த்தார். பிறகு அதை மண்ணிலிருந்து பிடுங்கி, விரித்து, என் தலைக்கு மேலே பிடித்தார். “வெயில் கடுமையா இரிக்கி. நீ இதுக்குள்ள இரி” என்றார். குடையை விரித்த பிறகு அளக்க நிழல் ஏது? தண்ணீர் மெல்ல மெல்ல ஊர்ந்துபோய் மேட்டு மூலையை நனைத்ததை என் கண்ணால் கண்டேன். அதற்குப் பிறகுதான் மாமா எழுந்து பாங்கு சொன்னார். தூரத்தில், வாய்க்கால் முடிவில், அதுவரை குந்திக்கொண்டிருந்த ஒரு புள்ளி எழுந்து மண்வெட்டியைத் தூக்கியது. அதையும்தான் கண்டேன். கண்டதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

விடுமுறை முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா வந்தது. ‘நல்லாட்சி’ என்று என்னைப் பேச விட்டார்கள். வாத்தியார் எழுதித் தந்ததை நான் பாராமல் ஒப்புவிக்க வேண்டும். பழைய காலத்து ராசாக்களின் வெண்கொற்றக் குடை, அதன் நிழல் ஏழை பணக்காரன் எல்லாருக்கும் ஒன்றாக விழும், செங்கோல் ஒரு பக்கமும் சாயாது என்று அழகான தமிழ். ஒத்திகையின்போது வாத்தியார், “முடிவிலே நீ கண்ட உதாரணம் ஒன்று சொல்லு, கேட்கிறவர்களுக்கு மனதில் படும்” என்றார். குடை என்றதும் எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்?

விழாவுக்குத் தலைமை டி.ஆர்.ஓ. ஐயா. மகனுக்குப் பரிசு என்று கடைக்கண்டத்துக் காக்கா வெளுத்த சட்டையோடு வந்திருந்தார். மாமா வாசல்பக்கம் நின்றார். நான் வாத்தியாரின் தமிழைக் கடகடவென்று முடித்துவிட்டு, என் சொந்தத் தமிழில் இறங்கினேன். எங்கள் வட்டையில் ஒரு கறுப்புக் குடை இருக்கிறது, அதைப் பிடித்திருப்பவர் எங்கள் மாமா, தகப்பனில்லாத பிள்ளைகளின் பயிருக்காக நிழல் தாண்டியும் பாங்கு சொல்லாமல் குடையை விரித்துக்கொண்டு பொறுத்திருந்தார், இதுவல்லவோ நல்லாட்சி என்று கையை நீட்டி முடித்தேன். சபை கைதட்டியது. மாமாவைப் பார்த்தேன். அவர் குனிந்து குடைத் துணியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். கடைக்கண்டத்துக் காக்கா தட்டிய கை பாதியில் நின்றது. அவர் எழுந்து, மகனின் பரிசைக்கூடப் பார்க்காமல் வெளியே போனார்.

அன்று பின்னேரம் உம்மா என் காதைத் திருகினா. “என்னகா செஞ்சி வெச்சிரிக்காய்! ராசா கதை சொல்லப் போனவள் ராசாவையே காட்டிக் குடுக்கிறதா?” நல்லதைத்தானே சொன்னேன் என்று அழுதேன். மாமா வந்தபோது உம்மா அவரைப் பிடித்துக்கொண்டா. “தம்பி, கடைக்கண்டத்தார் ஐயாட்ட முறையிட்டிட்டாராம், நாளண்டைக்கு விசாரணையாம். பேச்சுக்காக சின்னப்புள்ள கட்டின கதை எண்டு சொல்லிப்போடு. பத்து வயசுப் புள்ளட கதைய ஆர் பெரிசா எடுக்கப் போறா?”

“பாப்பம் ராத்தா” என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்து, “மகள், நான் குடைய விரிச்சதையும் சொன்னாய், என்ன?” என்று கேட்டார்.

“ஓம் மாமா.”

“நல்லாத்தான் பாத்திரிக்காய்” என்று என் தலையில் கையை வைத்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு காலம் பாரமாக இருந்திராது.

விசாரணைக்கு உம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா, தேவைப்பட்டால் நானே ‘கதை கட்டினேன்’ என்று சொல்வதற்கு. தேவைப்படவில்லை. டி.ஆர்.ஓ. ஐயா நல்ல மனிதர். அவரே வழி திறந்து வைத்தார். “சிறு பிள்ளை. கற்பனையாகச் சொல்லியிருக்கும். அப்படித்தானே விதானையார்? அப்படியே எழுதிவிடுகிறேன்” என்றார். ஓம் என்று ஒரு சொல் போதும்.

அதற்குப் பதிலாகத்தான் மாமா, முதலில் நான் எழுதிய அந்த வார்த்தைகளைச் சொன்னார்.

கடைக்கண்டத்துக் காக்கா முன்னால் வந்தார். சத்தம் போடவில்லை, சத்தம் போடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

“நான் வக்கடைக்குப் பக்கத்தில குந்திக்கிட்டு இரிந்தன் ஐயா. நிழலப் பாத்தன், நேரம் போன மாதிரித்தான் இரிந்திச்சி. ஆனா பாங்கு கேக்கல்ல. அப்ப என்ட கண்ணுதான் பிழையெண்டு நினைச்சிட்டன்” என்றார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். “என்ட கிழக்குப் பக்கம் முழுக்கப் பதர். அந்தப் பாண்டிருப்புப் புள்ளைக்கு இரங்கினது நல்லம்தான் விதானையார். ஆனா அது என்ட தண்ணி. உங்கட வயலுக்கு வாற முறையில குடுத்திரிந்தா நானும் வந்து வரம்பு கட்டியிரிப்பன்.”

“ஓம் காக்கா” என்றார் மாமா.

பாண்டிருப்பு அக்காவும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவள் அந்தப் போகத்தில் அறுத்தாள். அறுத்த நெல்லில் இரண்டு மூடை கடைக்கண்டத்தார் வீட்டுக்குக் கொண்டுபோக, அவர் திருப்பி அனுப்பினார் என்று பின்னாட்களில் கேள்விப்பட்டேன். இந்த மூன்று பேரில் கெட்டவர் யார் என்று பத்து வயதில் எனக்குத் தெரிந்திருந்தது, இப்போது தெரியவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிறகு படித்ததெல்லாம் சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாளிலும், இரவல் புத்தகத்திலும்தான். ஆட்சியைப் பற்றி ஆட்கள் எழுதுகிற பெரிய பெரிய சொற்களை வாசிக்கும்போதெல்லாம், விரித்த குடைக்குள் மாமாவோடு இருந்த அந்தக் கொஞ்ச நேரம் வந்து நிற்கும். எங்கள் வட்டையில் பிறகு விதானை முறையே போய்க் குழு வந்தது, மணிக்கூடு வந்தது, சண்டையும் வந்தது. மாமா மவுத்தாகிக் கண்மூடும்வரை இதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கதைத்ததில்லை. என் கலியாணத்துக்கு அவர்தான் முன்னின்றார். மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவர், “சாப்பிட்டியா மகள்?” என்று முந்திக்கொள்வார். என்னை ஒரு பொய்க்காரி என்று சொல்லியிருந்தால் அவர் விதானையாகவே இருந்திருப்பார். அவர் அப்படிச் சொல்லவில்லை. எனக்கோ அன்று அது விளங்கவும் இல்லை. மாமா வென்றுவிட்டார் என்று நினைத்து, நான் அந்த மரத்தடியில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

டி.ஆர்.ஓ. ஐயா பேனையைத் தாளில் வைத்தார். எழுதுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

மாமா மரநிழலை விட்டு வெளியே வந்தார். குடையைச் சுருக்கி, வழக்கமாகக் குத்துகிற அதே இடத்தில் குத்தினார். பக்கத்தில் குந்திக்கொண்டு நிழலையே பார்த்தார். கூட்டமும் பார்த்தது. நிழல் நீண்டு, உரிய இடத்தைத் தொட்டது. எல்லாரும் மாமாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார், கையைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை.

“நேரம் சரி காக்கா. நீங்க சொல்லுங்க” என்றார்.

கடைக்கண்டத்துக் காக்கா மாமாவையும் குடையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு இரண்டு காதிலும் கையை வைத்து, பழக்கமில்லாத, உடைந்த குரலில் பாங்கு சொல்லத் தொடங்கினார். மாமா குடையைக் குத்திய இடத்திலேயே விட்டுவிட்டு, மெல்ல நடந்துபோய் அவருக்குப் பின்னால் நின்றார்.