மார்ச் முடியும் வரை

எங்கள் ஊரான கரக்கில் குளிர்காலம் தொடங்குவதை முதலில் தெரிந்துகொள்கிறவன் ஃபலாஹ். அக்டோபர் கடைசியில் யாராவது ஒருத்தர் மண்ணெண்ணெய் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு அவன் பட்டறைக்கு வந்து, "திரி புகையுது, என்னான்னு பாரு" என்று இறக்கி வைப்பார். அதன்பிறகு ஏப்ரல் வரை அவனுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. தூக்க முடியாத பெரிய ஹீட்டர்களுக்கு வீடு தேடிப் போவான். போன வீட்டில் தேநீர் குடிக்காமல் எழுந்து வந்ததில்லை. அவன் வீட்டுக்கு வந்தவர்களும் குடிக்காமல் போனதில்லை. ஒன்பது வயதில் தகப்பனைப் பறிகொடுத்தவனைத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தவர் பெரியப்பா அபூ நாயிஃப். குடும்பத்தின் விருந்தினர் கூடம் அவருடையது. அதன் வாசலைப் பகலில் சாத்தி யாரும் பார்த்ததில்லை.

அங்கே வளர்ந்தவன் நாற்பத்தோராவது வயதில் தன் வீட்டுக் கதவைச் சாத்தினான். அதற்கான காரணம் இரண்டரைக் கிலோ எடை இருந்தது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, அவனுக்கும் வத்ஹாவுக்கும் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை அது. பெயர் ஜூத். இரண்டரை மாதம் தலைநகர் அம்மானில் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. நுரையீரல் இன்னும் முழுதாகத் தேறவில்லை. மூக்கில் ஒரு மெல்லிய குழாயும், கூடவே ஓர் ஆக்சிஜன் சிலிண்டருமாக வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஹனீன் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"நமக்கெல்லாம் ரெண்டு நாள் மூக்கு ஒழுகிட்டுப் போற சளி. இவளுக்கு அதுவே உயிருக்கு ஆபத்து. மார்ச் முடியுற வரைக்கும் வீட்டுக்குள்ள யாரும் வரக் கூடாது. யாரும்னா, யாரும்."

ஃபலாஹ் சொன்னதைக் கேட்கிற ஆள். முதல் வேலையாகத் தன் வீட்டு மண்ணெண்ணெய் ஹீட்டரைத் தூக்கிப் பட்டறையில் போட்டுவிட்டு, புகையில்லாத மின்சார ஹீட்டர் வாங்கி வைத்தான். ஊர் சிரித்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போய்ச் சீமைச்சோம்புப் பாயசம் சாப்பிட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கம். இவனோ பாயசத்தைக் கிண்ணங்களில் ஊற்றி வீடு வீடாகக் கொண்டுபோய் வாசலில் கொடுத்தான். வத்ஹாவின் தாயார் பின்னிய தொப்பியோடு வந்தபோது, அவளே கதவை ஒரு சாண் திறந்து தொப்பியை மட்டும் வாங்கிக்கொண்டாள். தாயார் அழுதபடி படியிறங்கினார். அபூ நாயிஃபே ஒரு நாள் கைத்தடியோடு வந்து, வாசலில் நின்றபடி ஜன்னல் வழியாகப் பேத்தியைப் பார்த்து ஓதிவிட்டுப் போனார்.

அவர் மகன் நாயிஃப் அப்படி லேசில் விடுகிறவன் அல்ல. பட்டறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டான்.

"ஏண்டா, ரமலான் வந்துச்சான்னு தெரிஞ்சுக்கப் பிறை பார்த்தாப் போதும். உன் மகளைப் பார்க்கணும்னா காலண்டர் பார்க்கணுமா?"

"மார்ச் முடியட்டும். உன்னைத்தான் முதல்ல கூப்பிடுறேன்."

"வேணாம்பா. எனக்கு அழைப்பிதழ் அனுப்பு. முத்திரை குத்தி."

வேலைக்குப் போகிற வீடுகளில் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே அவனைக் காப்பாற்றியது கரி. கை அழுக்காக இருப்பவன் கை கொடுக்க வேண்டாம், மணிக்கட்டை நீட்டினால் போதும். கட்டிப்பிடித்து முத்தமிட வருகிறவர்களும் அவன் சட்டையைப் பார்த்து நின்றுவிடுவார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பான். பட்டறையிலேயே உடை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். நவம்பர் போனது, டிசம்பர் போனது. குழந்தை நாலு கிலோவைத் தொட்டது. தான் கெட்டிக்காரன் என்று ஃபலாஹ் நினைத்துக்கொண்டான். வெளியே சொல்லவில்லை, ஆனால் நினைத்துக்கொண்டான்.

ஜனவரியில் அத்தை ஷம்ஸா இறந்துபோனார். தகப்பனின் கூடப் பிறந்தவர். மூன்று நாள் துக்கக் கூடாரம் போட்டார்கள். குடும்பத்து ஆண்கள் வரிசையாக நிற்க, வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கைகொடுத்து, கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டு நகர்வார்கள். ஃபலாஹ் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றான். குளித்து, நல்ல சட்டை போட்டு, கைகள் சுத்தமாக. வந்தவர்களில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அத்தனை பேருக்கும் அத்தைமேல் பாசம் என்று சொல்ல முடியாது.

முகக்கவசம் சட்டைப் பையில்தான் இருந்தது. துக்கத்துக்கு வருகிறவர் முன்னால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை. வீட்டுக்கு யாரும் வரக் கூடாது என்றார்கள், யாரும் வரவில்லை. அவன் மனசில் விஷயம் அதோடு முடிந்தது. மூன்று நாளும் சாயங்காலம் வீடு திரும்பி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மகளை வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் தொண்டை கரகரத்தது. உடனே பட்டறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். ஏழாம் நாள் மத்தியானம் வத்ஹா போன் செய்தாள். "மூச்சு இழுக்கிறப்ப விலா உள்ள போகுது. உடனே வாங்க."

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அதில் நாலு நாள் இயந்திரம்தான் குழந்தைக்காக மூச்சு விட்டது. ஐந்தாம் நாள் டாக்டர் ஹனீன் நடைக்கூடத்தில் நிறுத்திக் கேட்டார்.

"வீட்டுக்கு யார் வந்தாங்க?"

"யாருமே வரலை டாக்டர். மூணு மாசமா ஒருத்தர் படி மிதிக்கலை. என்னை வளர்த்த பெரியப்பாவையே வெளிய நிறுத்திட்டேன்." அந்த நிலையிலும் அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"சரி. நீங்க எங்க போனீங்க?"

"எங்க அத்தை தவறிட்டாங்க. வரிசையில நின்னேன்."

"எத்தனை பேர் வந்தாங்க?"

"ஒரு அறுநூறு பேர் இருக்கும்."

"கன்னத்துல முத்தமா?"

"துக்க வீடு, டாக்டர்."

அதுவே பதில் என்பதுபோல அவன் சொன்னான். டாக்டரும் எங்கள் நாட்டுக்காரிதான், அதனால் கோபப்படவில்லை. "இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால தைரியம் சொல்ல முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வத்ஹா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. பேசியபோது குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"பெத்த தாயை வாசல்ல நிறுத்தி அழ வச்சேன் நான். நீங்க அறுநூறு பேரைக் கன்னத்துல வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

பிப்ரவரியில் குழந்தை வீடு திரும்பியது. இன்னும் ஆறு வாரம் பாக்கி. குளிர்காலத்தில்தான் கிழவர்கள் போவார்கள். ஒரு துக்கத்துக்குப் போகாமல் இருந்தால் எங்கள் ஊரில் அது பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் பேசப்படும். ஆளாளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் மார்ச்சே முடிந்துவிடும். ஃபலாஹ் ஒரு வாரம் யோசித்தான். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஆண்கள் எல்லோரும் கூடும் நேரத்தில், முகக்கவசத்தோடு பெரியப்பாவின் கூடத்துக்குப் போனான். யாருக்கும் கை கொடுக்காமல் கதவோரத்தில் உட்கார்ந்தான். கையில் கொடுத்த காபிக் கோப்பையை வாயில் வைக்காமல் தனக்கு முன்னால் தரையில் வைத்தான்.

எல்லோரும் கோப்பையைத் திரும்பிப் பார்த்தார்கள். கோப்பையைக் கீழே வைத்தால், கேட்டது கிடைக்கும்வரை குடிக்கமாட்டேன் என்று அர்த்தம். பெண் கேட்க வைப்பார்கள், கொலைப் பகைக்குச் சமாதானம் கேட்க வைப்பார்கள். வீட்டுப் பிள்ளை வைத்து யாரும் பார்த்ததில்லை.

"என்னப்பா வேணும் உனக்கு?" என்றார் அபூ நாயிஃப்.

"மார்ச் முடியுற வரைக்கும் யாரும் எனக்குக் கை குடுக்கக் கூடாது, முத்தம் குடுக்கக் கூடாது பெரியப்பா. எந்தக் கல்யாணத்துக்கும் எந்தத் துக்கத்துக்கும் நான் வர மாட்டேன். வரலைன்னு யாரும் மனசுல வச்சுக்கக் கூடாது."

"நல்லவேளை" என்றான் நாயிஃப். "ரெண்டாவது பொண்டாட்டி கேக்க வந்துட்டியோன்னு பயந்துட்டேன்." நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கிழவர் சிரிக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் இரண்டு தடவை அவரை இதயத்துக்காக அம்மானுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருந்தார்கள்.

"எந்தத் துக்கத்துக்கும்னா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் ஃபலாஹ் வந்திருந்தான். "எந்தத் துக்கத்துக்கும்தான், பெரியப்பா."

நாயிஃப் எழுந்துவிட்டான். "வாயைக் கழுவுடா. யார் வீட்ல உக்காந்து யார்கிட்ட என்ன பேசுற?"

கிழவர் கையை உயர்த்தி மகனை உட்காரவைத்தார்.

"காபி ஆறுது. குடி" என்றார்.

முகக்கவசத்தை ஓரமாக விலக்கி ஃபலாஹ் குடித்தான். எழுந்து போகும்போது கிழவரின் நெற்றியில் முத்தமிடவில்லை. வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நாயிஃப் அன்றிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

மார்ச் பதினேழாம் தேதி அபூ நாயிஃப் இறந்தார்.

போய் வரிசையில் நின்றுவிட்டு, பத்து நாள் பட்டறையிலேயே தங்கிவிட்டால் என்ன என்று ஃபலாஹ் யோசித்தான். ஆனால் குழந்தையின் மூச்சைப் பாதி ராத்திரி வத்ஹாவும் பாதி ராத்திரி இவனுமாக முறை வைத்துப் பார்த்துவந்தார்கள். அவள் ஒருத்தியால் பத்து நாள் தூங்காமல் இருக்க முடியாது. "உங்க இஷ்டம்" என்றாள் அவள். போகாதே என்று அவள் சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று நாளும் மத்தியானத்தில் தன் பிக்கப் வண்டியைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறம் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். இங்கிருந்து பார்த்தால் வருகிறவர்களின் முதுகுதான் தெரிந்தது. வெளியே வந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். சிலர் அங்கிருந்தே நெஞ்சில் கை வைத்தார்கள். சிலர் பார்க்காததுபோலப் போனார்கள். அவன் அழுதான், வண்டிக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நாயிஃப் கூடாரத்திலிருந்து வெளியே வந்தான். சாலையில் பாதி தூரம் வந்து நின்றான். ஃபலாஹ் கண்ணாடியை இறக்கக் கை வைத்தான்.

"இறக்காத. நான் கத்தியே சொல்றேன்" என்றான் நாயிஃப். மூன்று நாளாகப் பேசிப் பேசி அவன் குரல் கட்டியிருந்தது. "அப்பா ஆஸ்பத்திரியில வச்சே சொல்லிட்டாரு. வரிசையில எனக்குப் பக்கத்து இடத்தைக் காலியா விடணும், அது ஃபலாஹ் இடம்னு. மூணு நாளா அங்க யாரும் நிக்கலை. வந்தவங்க அத்தனை பேரும் அந்த வெறும் இடத்துக்கு முன்னாடி நின்னு தலையைக் குனிஞ்சுட்டுத்தான் போனாங்க."

ஃபலாஹ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே நெஞ்சில் கை வைத்தான்.

"போ" என்றான் நாயிஃப். "வத்ஹா தனியா இருப்பா. வீட்டுக்குப் போ."