எண்ணெய் ஊறிய கொப்பி

நான் கல்லூரி நூலகமொன்றில் உதவியாளர். சென்ற வருடம் பழைய கையெழுத்துப் பிரதிகளைக் கண்காட்சிக்கு வைத்தோம். சாவகச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தன் தகப்பனார் எழுதிய மாட்டு வைத்தியக் கொப்பியை இரவல் தந்தார். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது உடுப்புகளை விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அந்த ஆசிரியை.

கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த பிரதம விருந்தினர் எண்ணெயில் பொரித்த ரோல்ஸைக் கடித்தபடியே உள்ளே வந்தார். படமெடுப்பதற்காகக் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அதே விரல்களால் கொப்பியைப் புரட்டினார். நான் வாயெடுக்குமுன் கல்லூரி அதிபர் என் கையைப் பிடித்தார்.

"பேசாமல் நில்லும். உவர்தான் புதுக் கட்டடம் கட்டித் தாறன் எண்டவர்."

நான் பேசாமல் நின்றேன்.

நான்கு பக்கங்களில் எண்ணெய் ஊறி எழுத்துகள் கலங்கிவிட்டன. மாலையில் கொப்பியை எடுக்க வந்த ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நீங்கள் பக்கத்திலயோ நிண்டனீங்கள், தம்பி?"

"ஓம், ரீச்சர்."

அவர் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் விருந்தினருக்கு நன்றிக் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. தங்கள் வருகையால் நூலகம் பெருமையடைந்தது என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மனிதர்மேல் வந்ததைவிட, என்மேல்தான் எனக்கு அருவருப்பு அதிகமாக வந்தது.