பழைய வேட்டி இல்லாத வீடு

எங்கள் அப்பாவுக்குப் புது வேட்டி ஆகாது. விறைப்பான துணி இடுப்பில் பட்டால் போதும், சாயங்காலத்துக்குள் வரி வரியாகச் சிவந்து தடித்துவிடும். அதனால் சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. தீபாவளிக்கு எடுக்கிற வேட்டியை முதலில் அண்ணன் கட்டுவான். மூன்று நான்கு மாதம் அவன் கட்டி, அம்மா துவைத்துத் துவைத்து, அது நன்றாகத் துவண்ட பிறகுதான் அப்பாவின் கொடிக்குப் போகும். அப்பன் கட்டிக் கழித்ததை மகன் கட்டுவதுதான் ஊர் வழக்கம், இந்த வீட்டில் எல்லாம் தலைகீழ் என்று அண்ணன் புலம்பிக்கொண்டே கட்டுவான். அப்பா வாழை போட்டிருந்தார். தோட்டத்துக்கு ஒரு பழைய கைலி, மற்ற நேரமெல்லாம் அந்தத் துவண்ட வேட்டிகள். வாழைக்கறை ஒரு சொட்டு அவற்றின் மேல் பட விடமாட்டார்.

தோல்தான் அப்படி, மனசு அப்படியில்லை. ராயப்பன்பட்டிக்காரர் ஒருவரை நான் கல்யாணம் செய்துகொண்டேன், அதுவும் மாதா கோயிலில் வைத்து. அவள் பேச்சை இனி இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அப்பா சொன்னாராம். சொன்னால் சொன்னதுதான். நானும் அவர் பெற்ற பிள்ளைதானே? அவராகக் கூப்பிடாமல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு லோயர் கேம்ப் மின் நிலையத்தில் வேலை. தாய் தகப்பனைச் சின்ன வயதிலேயே இழந்து, பள்ளிக்கூட விடுதியில் வளர்ந்தவர். குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு அவர் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார், நான் ஒரு கைப்பையோடு வந்தேன். மற்றதெல்லாம் கடையில் வாங்கியது. பாய் புதுசு, போர்வை புதுசு, கரண்டிகூடப் புதுசு. யார் தயவும் இல்லாமல் சேர்த்தது என்று எனக்கு அதில் பெருமை தாங்காது.

மகள் பிறந்தபோதும் அதே பெருமைதான். கம்பத்து மருந்துக் கடையில் டயாபர் பாக்கெட் விற்க ஆரம்பித்திருந்த சமயம். எங்கள் வரிசையில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அது கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா உத்தமபாளையத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், நாலு பிள்ளை வளர்த்தவர். பிள்ளைக்குப் பொட்டலம் கட்டிவிட்டிருக்கிறாள் என்று என்னைக் கிண்டல் செய்வார். நானும் சிரித்துவைப்பேன். பிள்ளை பெற்ற உடம்போடு மூத்திரத் துணி அலச எனக்குத் தெம்பில்லை, அலசிக் கொடுக்க ஆளும் இல்லை. அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

ஆனியில் சாரல் பிடித்தது. மகளுக்கு அப்போது நாலு மாதம். ஒருநாள் டயாபரைக் கழற்றினால் தொடையிடுக்கு முழுக்கச் சிவந்து, அங்கங்கே தோல் உரிந்திருந்தது. தண்ணீர் பட்டாலே வீறிட்டாள். பவுடர் போட்டேன், எண்ணெய் போட்டேன், களிம்பு போட்டேன். வேறு கடையில் வேறு பாக்கெட் வாங்கிப் பார்த்தேன். புண் அதிகமானதுதான் மிச்சம்.

கம்பத்தில் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இந்தத் தோலுக்கு டயாபர் ஆகாது, பழைய பருத்தித் துணி வெள்ளையாக இருந்தால் கட்டுங்கள், புதுத்துணி வேண்டவே வேண்டாம், அதுவும் அறுக்கும் என்றார். எழுதிக்கொண்டே, வீட்டில் வேறு யாருக்காவது இந்த மாதிரித் தோல் உண்டா என்று கேட்டார்.

"எங்கப்பாவுக்கு" என்றேன். இரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். என் வீட்டுக்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். அவருடையதெல்லாம் பேண்ட், சட்டை, காக்கி. என்னுடையதெல்லாம் கசங்காத, தண்ணீர் உறிஞ்சாத சேலைகள். கொடியிலிருந்த துண்டுகூட வாங்கி ஒரு வருஷம் ஆகாதது. வீட்டையே புரட்டிப் பார்த்தும் ஒரு கந்தல் இல்லை. பிறந்த வீட்டில் பரணில் ஒரு மூட்டை, கட்டிலடியில் ஒரு மூட்டை என்று பழந்துணி கிடக்கும். எப்போது தூக்கிப் போடுவாய் என்று அம்மாவை நச்சரித்தவளே நான்தான். பணம் கொடுத்தால் புதுசு எதுவும் கிடைக்கும். பழசுக்கு ஒரு வீடு வேண்டும், அதில் வருஷக்கணக்காக மனிதர்கள் கட்டி அவிழ்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது இல்லை. பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டே அழுதேன்.

சரி, புதுசைப் பழசாக்கிவிடுவோம் என்று கிளம்பினோம். மெல்லிய மல் வேட்டியாகப் பார்த்து இரண்டு வாங்கினோம். சோடா உப்புப் போட்டு வேகவைத்தேன், துவைகல்லில் கை ஓயுமட்டும் அடித்தேன். ஆயுளில் வேட்டியே கட்டியிராத என் வீட்டுக்காரர், மகளுக்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒன்றைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். பத்தடிக்கு ஒருதரம் அது அவிழ்ந்தது. கடைசியில் மேலே பெல்ட் போட்டுக்கொண்டார். அத்தனை கவலையிலும் நான் சிரித்துவிட்டேன். ஆனால் துணி துணியாகத்தான் இருந்தது. புண்ணில் பட்டதும் பிள்ளை துடித்தாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, தன் வீட்டுக்காரரின் நைந்த கைலி இரண்டைக் கிழித்துக் கொடுத்தார். ஒரு நாளைக்குப் பதினைந்து முறை நனைக்கிற பிள்ளைக்கு, சாரலில் துணி காயாத ஊரில், அது எந்த மூலைக்கு?

"இது பத்தாதும்மா. ஒங்க வீட்டாளுகட்ட கேளு. பழந்துணி கேக்குறதுக்கென்ன ரோசம்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் பதினோரு மணிக்கு பூத்துக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பா தோட்டத்துக்குப் போயிருக்கிற நேரம் அது. எப்போதாவது அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வதுண்டு. புண்ணைப் பற்றிச் சொன்னேன், டாக்டர் கேட்டதையும் சொன்னேன். பழைய வேட்டி ஒன்றிரண்டு கிடைக்குமா என்றேன். அம்மா சட்டென்று போனை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் கையில் ஒயர் கூடையோடு வாசலில் நின்றார். கல்யாணத்துக்குப் பிறகு அம்மா என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறப்பதற்குள், "ஒங்கப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா வைவாக" என்றார்.

கூடையில் சதுரம் சதுரமாக வெள்ளைத் துணி அடுக்கி இருந்தது. நாற்பதுக்கு மேல் இருக்கும். கரை பிள்ளையை உறுத்தும் என்று ஒவ்வொன்றிலும் கரையைத் தனியாகக் கிழித்து எடுத்திருந்தார்கள். எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். பிறந்த வீட்டுச் சலவை நீலத்தின் வாசம் அப்படியே இருந்தது. அம்மா ஒன்றை முக்கோணமாக மடித்து, இரண்டு விரல் போகிற அளவுக்குத் தளர்வாக முடிந்துவிட்டார். பிள்ளை அழவில்லை. அம்மா அவள் காலிரண்டிலும் முத்தம் கொடுத்துவிட்டு, அப்பா வீடு திரும்புவதற்குள் போகவேண்டும் என்று மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தார்.

அதன் பிறகு அலசுவது என் வேலை, வேகவைப்பது என் வேலை. சாரலில் காயாததை எல்லாம் என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புமுன் இஸ்திரி போட்டு அடுக்கிவைத்துவிட்டுப் போவார். பத்து நாளில் தோல் கூடிவிட்டது. அலுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடியில் அந்தத் துணிகள் வரிசையாக ஆடும்போது இந்த வீட்டுக்கும் ஒரு பிறந்த வீடு உண்டு என்று தோன்றும். அடுத்த நிமிஷமே கோபம் வரும். பேத்திக்கு உரிமையாக வரவேண்டியது, அப்பாவுக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாக அல்லவா வந்திருக்கிறது? பிள்ளைக்கு ஆறிவிட்டது, எனக்கு ஆறவில்லை.

ஆவணியில் தடுப்பூசி போட மகளைக் கம்பத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரருக்கு அன்று பகல் ஷிப்ட். திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, டீக்கடை ஓரமாக அப்பா நிற்பதைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கும் முன்னால் வேட்டிதான் கண்ணில் பட்டது. புத்தம் புதுசு. கடை மடிப்புக்கூடக் கலையவில்லை, அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. ஒரு கையில் டீ கிளாஸ். மற்றொரு கை போய்ப் போய் இடுப்பு மடிப்பைத் தளர்த்திக்கொண்டே இருந்தது.

தீபாவளியா, பொங்கலா? ஒன்றுமில்லாத செவ்வாய்க்கிழமை. கட்டிப் பழக்கிக் கொடுக்க அண்ணனும் ஊரில் இல்லை, திருப்பூருக்கு வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. பரண் மூட்டைகளில் கிடப்பதெல்லாம் சாயச் சேலைகள், வெள்ளை என்றால் அந்த வீட்டில் அப்பாவின் வேட்டிகள்தான். அம்மா அவருக்குத் தெரியாமல் ஒரு வேட்டியை எடுக்கலாம், இரண்டை எடுக்கலாம். கொடியிலிருந்த அத்தனை வேட்டியையும் எடுத்தால் அந்த மனிதருக்குத் தெரியாமல் இருக்குமா? நாற்பது துணியை அடுக்கி அடுக்கி மடித்தேனே, எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

கூப்பிடாமல் போகமாட்டேன் என்று இருந்தவள், அவர் கூப்பிடும் முன்பே அவர் எதிரில் போய் நின்றேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் இடுப்பில் இருந்த முடிச்சைத்தான் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புண்ணு ஆறிருச்சா ஆத்தா?"

"ஆறிருச்சுப்பா" என்றேன். அவர் கை மறுபடியும் இடுப்புக்குப் போனது. "ஒங்களுக்கு?" என்று கேட்டேன்.

அப்பா குனிந்து வேட்டியைப் பார்த்துக்கொண்டார்.

"நாலு தண்ணி பட்டாச் சரியாயிரும்" என்றார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். "புள்ளைய இங்கன குடு."

கொடுத்தேன்.