ஜெகபர் அலி துடைத்தெடுத்த குரல்

திண்டிவனத்தில் லேப்டாப் கடை வைத்திருக்கும் ஜெகபர் அலிக்கு இலவசம் என்றாலே ஆகாது. கம்பெனிக்காரன் விலைக்கு விற்கும் சிஸ்டத்தோடு ஏழெட்டு இலவச சாஃப்ட்வேரையும் ஏற்றி அனுப்புவான். பெட்டியைப் பிரித்ததும் இவர் செய்யும் முதல் வேலை, அத்தனையையும் அழிப்பதுதான்.

"ஓசில வந்தது முப்பது நாள்ல காசு கேட்டுப் பல்லைக் காட்டும். அப்புறம் நம்ம கிட்ட வந்து சண்டை போடுவாங்க" என்பார். எட்டு வருஷமாக இதே வழக்கம். கிளீனாகக் கொடுக்கிறோம் என்று பெருமை வேறு!

ஒரு வியாழக்கிழமை முகையூரிலிருந்து போன் வந்தது. முந்தின நாள் துரைக்கண்ணு என்பவர் வாங்கிப்போன லேப்டாப். பேசியது அவர் மகள் கலைப்பிரியா.

"பாய், லேப்டாப்பு பேசவே மாட்டேங்குது."

"லேப்டாப்பு எங்கம்மா பேசும்?"

"ஸ்கிரீன்ல இருக்கறத படிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர கம்பெனியே ஃப்ரீயா போட்டு அனுப்புதுங்களே! எனக்குக் கண்ணு தெரியாது பாய். அதுக்காகத்தான் இந்த மாடல வாங்கியாரச் சொன்னேன். நாளைக்கு விழுப்புரத்துல வேலைக்கு டெஸ்டு. நம்ம லேப்டாப்புலதான் எழுதணும். காலைலேர்ந்து இத தடவிக்கினு உக்காந்திருக்கேன்."

அழித்தது இந்தக் கைதானே! அலி அதே மாடலில் பிரிக்காத பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு, விழுப்புரம் போய் பஸ் மாறி முகையூரில் இறங்கியபோது மணி மூன்று.

கலைப்பிரியா புது லேப்டாப்பைத் திறந்து ஏதோ இரண்டு மூன்று பட்டன்களை அழுத்தினாள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கடகடவென்று தமிழில் வாசிக்க ஆரம்பித்தது. அவள் முகம் மலர்ந்தது. துரைக்கண்ணு டீ வாங்கிவர ஓடினார்.

"மன்னிச்சிடும்மா. வேணுன்னு பண்ணல. எல்லாருக்கும் அழிச்சிட்டுதான் குடுப்பேன்."

"எல்லாருக்குமா? என்னை மாதிரி வேற யாராச்சும் வாங்கினாங்களா பாய்?"

"தெரியலயேம்மா. ஒருத்தர்கூட போன் பண்ணிக் கேட்டதில்ல."

"அப்படி ஒண்ணு உள்ள இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே கேப்பாங்க?"

துரைக்கண்ணு கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டு, பழைய லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அலி கிளம்பினார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போனில் 'கஸ்டமர்' என்று போட்டு வைத்திருந்த பெயர்களில் முதலாவதை அழுத்தினார்.

"அம்சவள்ளி டீச்சருங்களா? திண்டிவனம் லேப்டாப் கடை அலி பேசறேன். உங்க வீட்ல யாருக்காச்சும் கண்ணு சரியா தெரியாதுங்களா?"