கறுப்புப் பசை பூசிய பெட்டி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியின் சத்தம் நன்றாக இருக்கிறது என்று நான் எழுதியது பொய் இல்லை. இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. மோசமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

பெட்டி என்றால் ஓவர்டிரைவ் பெடல். கிதாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே தரையில் கிடக்கும், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அலுமினியப் பெட்டி. காலால் ஒரு மிதி மிதித்தால் கிதாரின் சாதுவான குரல் முரட்டுக் குரலாகிவிடும். நல்ல பெடல் என்றால், தந்தியை மெல்லத் தொடும்போது சும்மா இருக்க வேண்டும், ஓங்கி அடித்தால் சீற வேண்டும், விரலைத் தளர்த்தினால் அடங்க வேண்டும். எந்நேரமும் ஒரே மாதிரி இரைகிற பெட்டிகள்தான் கடைகளில் நிறைய. இந்தக் கறுப்புப் பெட்டி அப்படி இல்லை. முதல் தடவை வாசித்தபோது, நான் கோபத்தில் பேசும்போது என் குரல் எப்படி உடையுமோ அப்படியே அதன் சத்தமும் உடைந்தது. அன்றே விழுந்துவிட்டேன்.

செய்தவர் ஹவுராவை அடுத்த சாந்த்ராகாச்சியில் இருக்கும் ஒரு தாதா. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் இந்தச் சொல்லைக் கேட்டுப் பதறுகிறார்கள். இங்கே வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன், அவ்வளவுதான். நான் கல்லூரியில் படித்த காலத்தில் அவர் மேடையில் வாசிப்பதைக் கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். இப்போது மேடையை விட்டுவிட்டு மாடியறையில் உட்கார்ந்து பெடல் செய்கிறார். முதலில் செய்ததை என்னிடம் கொடுத்து, "உனக்குக் காது இருக்கு. நீ நல்லா இருக்குன்னு சொன்னா போதும், வேற யாரையும் கேக்க மாட்டேன்" என்றார் வங்க மொழியில். நான் உச்சி குளிர்ந்துபோனேன். இந்த ஊரில் கிதார் வாசிக்கும் பெண்ணிடம், அதுவும் நாற்பது வயதைத் தொட்டவளிடம், யாரும் காதைப் பற்றிப் பேசுவதில்லை. 'அட, நீங்களும் வாசிப்பீர்களா' என்று கேட்பதோடு சரி.

இத்தனைக்கும் என் பிழைப்பே குற்றம் கண்டுபிடிப்பது. செக்டர் ஃபைவ் ஐ.டி. பகுதியில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் சோதிக்கிறேன். யார் செய்தாலும், எவ்வளவு பெரிய ஆள் செய்தாலும், உள்ளே திறந்து பார்க்காமல் சரி என்று சொல்லமாட்டேன். இதனாலேயே அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. அப்படிப்பட்டவள் அன்று பின்மூடியைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோது, தாதா கையை நீட்டித் தடுத்தார்.

"திறக்காதே. திறந்தாலும் ஒண்ணும் தெரியாது. உள்ள எல்லாத்துக்கும் மேல கறுப்புப் பசை ஊத்தியிருக்கேன். என் சர்க்யூட்டைக் காப்பியடிச்சிடுவாங்க."

நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். கலைஞனின் ரகசியம் என்று மரியாதை வேறு. வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை மேசையிலிருந்து தள்ளிவிட்டேன், டீவி பார்த்துக்கொண்டே ஒரு நூறு தடவை மிதித்தேன், ஏ.சி. அறையில் ஒரு வாரம் வாசித்தேன். ஒன்றும் ஆகவில்லை. கிதார் வாசிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதினேன். சத்தத்தை வர்ணித்துவிட்டுக் கடைசியில், 'உழைக்குமா என்று கேட்பவர்களுக்கு: உழைக்கும், நான் பொறுப்பு' என்று முடித்தேன். யாரும் கேட்கவில்லை. நானாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு அது.

அதைப் படித்து வாங்கியவர்களில் ஒருத்தி என் டீமிலேயே இருந்தாள். பாளையங்கோட்டைப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கரியாஹாட் பக்கம் ஒரு பி.ஜி. விடுதியில் தங்கியிருந்தாள். பேச்சு குறைவு. எதைக் கொடுத்தாலும் பேனாவால் நாலு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். மவுஸ், சார்ஜர், டிபன் டப்பா எல்லாவற்றையும். கிதாரும் அப்படித்தான் வாசிப்பாள், அவசரமில்லாமல், ஒவ்வொரு ஸ்வரத்தையும் சரிபார்த்துவிட்டு. மூன்று வங்காளிப் பையன்கள் நடத்திய ஒரு குழுவில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். துர்கா பூஜைக்கு அந்தப் பகுதிக் கமிட்டியின் மேடையில் அவர்களுக்கு அரைமணி நேரம் கிடைத்தது. கடைசிப் பாட்டில் அவளுக்குத் தனி வாசிப்பு. இரண்டு மாதம் அந்த ஒன்றையே வாசித்தாள். அதற்காகத்தான் இந்தப் பெடல்.

பூஜைக்குப் பத்து நாள் முன்னால் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, அந்தப் பெடல் நடுவுல நடுவுல நின்னு போகுது. ரிகர்சல் ரூம் தகரக் கூரை. அரைமணி நேரம் வாசிச்சா சத்தம் காணாம போயிருது. பொறவு தானா வருது."

"கேபிளா இருக்கும்."

"கேபிள மாத்திப் பாத்துட்டேன்க்கா. பொட்டிக்குள்ளதான் என்னமோ இருக்கு. தொறந்து பாக்கட்டுமா?"

"திறக்காதே. தாதா செஞ்சது. அவருக்குத் தெரியாததா?" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அன்று சாயங்காலம் அவளையும் பெடலையும் என் வீட்டுக்குக் கூட்டிப்போய், ஏ.சி.யைப் போட்டு, என் கேபிளைச் சொருகி, ஒரு மணி நேரம் வாசிக்க வைத்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. "பாத்தியா, கேபிள்தான்" என்று சொல்லி என் கேபிளையே அவள் தலையில் கட்டி அனுப்பினேன். அவள் பெடலைப் பேனாவால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பூஜையின் ஏழாம் நாள், சப்தமி அன்று, மாலை நாலு மணிக்கு அவர்களை மேடை ஏற்றினார்கள். பெரிய குழுக்களுக்கு விளக்கு போட்ட பிறகு நேரம், சின்னவர்களுக்கு வெயிலில். பந்தலின் மேற்குப் பக்கம் திறந்திருந்தது. ஐப்பசி வெயில் நேராக மேடைத் தரையில், அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் விழுந்தது. நான் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தாதாவும் வந்திருந்தார், தன் பெடல் மேடையேறுவதைப் பார்க்க.

நாலு பாட்டு நன்றாகப் போயின. ஐந்தாவதில் அவள் முன்னால் வந்தாள், பெடலை மிதித்தாள், முதல் இரண்டு வரி வாசித்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது. கையில் முட்டை ரோலை வைத்துக்கொண்டு மென்று தின்ன மறந்து நின்றவர்கள் இருந்தார்கள். மூன்றாவது வரியில் சத்தம் நின்றது. அவள் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி மிதித்தாள். இல்லை. குனிந்து கேபிளை ஆட்டினாள். நான் சொல்லிக்கொடுத்த இடத்தைத்தான் முதலில் தொட்டாள், பாவம். மைக்கை வைத்திருந்தவன், "தீதிக்கு கரண்ட் போயிடுச்சு" என்றான். தீதி என்றால் இங்கே அக்கா. கூட்டம் சிரித்தது. குழுவின் இன்னொரு பையன் முன்னால் வந்து அவளுடைய இடத்தில் எதையோ வாசித்து முடித்தான். பாட்டு முடியும்வரை அவள் ஊமைக் கிதாரோடு அங்கேயே நின்றாள்.

அரைமணி கழித்து, பந்தலின் பின்னால் நிழலில் வைத்து, தாதா பெடலைச் சொருகிப் பார்த்தார். அழகாக வேலை செய்தது. "பாரு, ஒண்ணுமில்ல. கேபிளா இருக்கும். இல்லன்னா பயத்துல தப்பா மிதிச்சிருக்கும்" என்றார் என்னிடம், அவள் பக்கத்தில் நிற்கும்போதே. அவள் பெடலைக் கையில் வாங்கினாள், சூடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பவள்போல உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள், "கிதார யாருக்காவது குடுத்துரலாம்னு இருக்கேன்க்கா. உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளைங்க யாராவது இருந்தா சொல்லுங்க" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் என்னை அறைந்தது. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு காலை ஹவுராவில் லோக்கல் ரயில் பிடித்து சாந்த்ராகாச்சிக்குப் போனேன். வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே போனேன். தாதாவின் மாடியறையில் அதே கறுப்புப் பெட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. "அந்தப் பொண்ணோட பெடலைத் திறந்து பார்க்கணும்" என்றேன். மாட்டேன் என்றார். வேறு ஒன்று தருகிறேன் என்றார். அதையும் திறக்கணும் என்றேன்.

"ஆரே பாபா, ஒரு சின்னப் பொண்ணு மேடையில பயந்துபோனதுக்கு என் டிசைனை ஊருக்குக் காட்டணுமா?"

"அவ பயப்படல. சத்தம் நின்ன பிறகும் அவ விரல் நிக்கல. நான் பார்த்தேன்."

"நீதானே சோதிச்சே? நீதானே எழுதினே, உழைக்கும், நான் பொறுப்புன்னு? அப்ப தெரியலையா?"

எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. அந்த ஆளைக் கண்டபடி பேசினேன். தமிழில் ஆரம்பித்து வங்க மொழிக்குப் போய்த் திரும்பத் தமிழுக்கே வந்தேன். ஏமாற்றுக்காரர் என்றேன். உங்கள் கைவேலையை மறைக்கத்தான் பசை என்றேன். அவர் மனைவி டீயோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். ஆனால் படி இறங்கும்போது என்னைத் தின்றது அவர் சொன்ன கடைசி வாக்கியம்தான். அந்த மனிதர் அன்றைக்குச் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய பெடலின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். உள்ளே தார் ஊற்றியதுபோல் கெட்டிக் கறுப்பு. முடி காயவைக்கும் டிரையரைச் சூட்டில் வைத்துப் பிடித்தால் பசை கொஞ்சம் இளகும். இளகிய இடத்தைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி நெம்பி எடுத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது, விரலில் இரண்டு இடம் கொப்பளித்தது. எப்பேர்ப்பட்ட ரகசியம் என்று பார்க்க வேண்டாமா?

ரகசியமே இல்லை. பெடல் செய்யும் எவரும் முதல் மாதத்தில் கற்றுக்கொள்கிற, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற சர்க்யூட். இரண்டொரு பாகங்களை நல்ல காதோடு மாற்றியிருந்தார். சத்தத்துக்குக் காரணம் அது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் வெளியே சத்தம் போகிற ஒயர் சர்க்யூட் போர்டைத் தொடும் இடத்தில் பற்றவைத்த ஈயம் பிடிக்கவே இல்லை. உருண்டையாக மேலே நின்றது, ஒட்டவில்லை. பசைதான் ஒயரை அழுத்திப் பிடித்திருந்தது. பெட்டி சூடானால் பசை இளகும், ஒயர் விலகும். ஆறினால் பழையபடி தொடும். தகரக் கூரையில் நின்றதும், என் ஏ.சி. அறையில் நிற்காததும், வெயிலில் செத்து நிழலில் பிழைத்ததும் எல்லாம் இந்த ஒரு பொட்டு ஈயத்தால். பின்மூடியைத் திறந்து, பசை வேண்டாம் என்று சொல்லி, ஒயரை ஓர் இழு இழுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இந்தப் பூசி மெழுகிய வேலைக்கு நான் காவல் நின்றிருக்கிறேன். திறக்கட்டுமா என்று கேட்டவளிடம் திறக்காதே என்றிருக்கிறேன். தாதா சொன்ன 'கேபிளா இருக்கும்' என்னைக் கொதிக்க வைத்ததே, அதை அவர் சொல்வதற்குப் பத்து நாள் முன்பே சொன்னவள் நான்.

வாட்ஸ்அப் குழுவில் பழையதை மறுத்து, ஒயரின் படத்தோடு எழுதினேன். அது சுலபமாக இருந்தது. கஷ்டமான வேலை மறுநாள் சாயங்காலம். பசையைத் தோண்டி எடுத்த அவளுடைய பெட்டியையும், என்னுடைய பெடலையும், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரையும் எடுத்துக்கொண்டு அவளுடைய பி.ஜி.க்குப் போனேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒயரைக் காட்டினேன்.

"உன் கேபிள் இல்ல. நீ மிதிச்சதும் தப்பில்ல. நீ சொன்னது சரி, நான் கேக்கல. மன்னிச்சுக்கோ" என்றேன். சொல்லும்போதும் குரலில் கோபம்தான் இருந்தது. எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூட சரியாக வரவில்லை.

அவள் ஒயரை நகத்தால் தூக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "உங்களோடத தட்டிப் பாத்தியளா?" என்றாள்.

"என்னோடது நல்லாத்தான் இருக்கு. ஆறு மாசமா வாசிக்கிறேன்."

"ஏ.சி.லதான?"

அவள் எழுந்து, அலமாரிக்கு மேலே கிடந்த கிதார்ப் பையை இறக்கினாள். சப்தமிக்குப் பிறகு திறக்கவில்லை போலிருக்கிறது, ஜிப்பில் தூசி இருந்தது. கிதாரை எடுத்துச் சுருதி சேர்த்தாள். என் பெடலைச் சொருகினாள். பக்கத்து அறைப் பெண்ணிடம் டிரையரைக் கேட்டு வாங்கிவந்து, பெட்டியின் மேல் பிடிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தாள். நான் பிடித்தேன். அவள் வாசித்தாள். மேடையில் நின்றுபோன அந்த வரிகளைத்தான் வாசித்தாள், முதல் இரண்டும், மூன்றாவதும். அந்தச் சத்தம், சொன்னேனே, நன்றாகத்தான் இருந்தது. நாலாவது வரிக்கு வந்தபோது பெட்டி சுட ஆரம்பித்திருந்தது. கை எடுக்காமலே, பேனாவுக்குப் பதிலாகக் கால்விரலால் அதன் பக்கவாட்டில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

சத்தம் நின்றது.

அவள் ஊமைக் கிதாரில் அந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"கேபிளா இருக்கும்க்கா" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பிறகு கிதார்ப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.